பாதி வயலில் நின்ற டிராக்டர்

அடியோடு நின்றுபோன இயந்திரத்தைப் பழுது பார்ப்பது அவ்வளவு கடினம் அன்று. ஏதோ ஒன்று அறவே இல்லாமற் போயிற்று என்பது வெளிப்படை. இல்லாததைத் தேடிக் கண்டுபிடித்தால் போதும். அரைகுறையாக ஓடுகின்ற இயந்திரமே நம்மை அலைக்கழிப்பது. காலையில் தொட்டவுடன் உயிர்பெறும். முற்றத்தில் நிற்கும்போது ஒரு குறையும் காட்டாமல் ஓடும். வயலில் இறங்கிக் கால் நாழிகை ஆனதும் இருமும், தள்ளாடும், நின்றுவிடும். பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டால், ஒன்றுமே நடவாதது போல மறுபடியும் ஓடத் தொடங்கும்.

அத்தகைய ஒரு பழைய பெட்ரோல் டிராக்டருடன் நான் மல்லாடிய மூன்று நாட்களைப் பற்றி இன்று உங்களிடம் பேசப் போகிறேன். மாணவர்களுக்கு இதில் பயன் உண்டென்று நான் எண்ணுவதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. அந்த டிராக்டரில் இருந்த குற்றத்தைவிட, அதை ஆராயப் புகுந்த என்னிடம் இருந்த குற்றம் பெரியது.

2016ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துத் தென்பகுதியில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவருடைய அண்டை நிலத்துக்காரர் 75 வயதான உழவர். 12 ஏக்கரில் குதிரைமசால் பயிரிட்டிருந்தார். நம் நாட்டிலும் மாட்டுத் தீவனமாக வளர்க்கப்படும் அதே குதிரைமசால்தான். அங்கே குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால், கோடையிலேயே அதை வெட்டி, வெயிலில் உலர்த்தி, கட்டுகளாகக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டிய பயிர் உலர மூன்று நாள் வெயில் வேண்டும். உலருமுன் மழை பெய்தால் தீவனத்தின் சத்துப் போய்விடும். அடுத்த திங்கட்கிழமை மழை வரும் என்று வானிலை அறிக்கை கூறியிருந்தது. அறுவடைக் கருவியை இழுப்பதற்கு அப்பெரியவரிடம் இருந்தது ஒரே ஒரு டிராக்டர். அவருடைய தந்தையார் 1949ஆம் ஆண்டில் புதிதாக வாங்கியது. எட்டு வயதுச் சிறுவனாக வாயிலில் நின்று அதன் வருகையைப் பார்த்தவர் அவர்.

அது போர்டு கம்பெனியின் 8 என் என்னும் வகையைச் சேர்ந்தது. 1947 முதல் 1952 வரை, டெட்ராயிட் நகரை அடுத்த ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில், ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் இவ்வகை டிராக்டர்கள் செய்யப்பட்டன. அவற்றில் பல இன்னும் உழுகின்றன. உதிரிப் பாகங்களும் இன்னும் விற்பனையாகின்றன. இதற்கு முன்னோடி, 1939இல் வெளிவந்த 9 என். ஹென்றி போர்டும், அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனும் 1938இல் பத்திரம் எதுவும் எழுதிக்கொள்ளாமல் கைகுலுக்கியே செய்துகொண்ட உடன்பாட்டில் பிறந்தது அது. எழுத்தில் இல்லாத உடன்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. வழக்கு நடந்து, 92 இலட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துப் போர்டு கம்பெனி 1952இல் அதைத் தீர்த்துக்கொண்டது. அந்தக் கதை இப்போது நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது எஞ்சின். நான்கு சிலிண்டர்; அவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 2 லிட்டர்; வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கத்தில் அமைந்தவை; வலிமை சுமார் 25 குதிரைச் சக்தி. மின்கலம் 6 வோல்ட். அதன் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. பம்பு கிடையாது. மேலிருந்து கீழே தானாக வடிந்துதான் பெட்ரோல் கார்புரேட்டருக்கு வந்து சேர வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர் திங்கட்கிழமை மாலை நண்பரிடம் வந்து, டிராக்டர் பாதி வயலில் நின்றுவிடுகிறது என்று சொன்னார். நண்பர் என்னைப் பார்த்தார். பொறியியல் கற்றவன் என்னும் பெருமை எனக்கு உண்டு. வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே விடையை முடிவு செய்துவிட்டேன். பெட்ரோல் போதவில்லை, ஆகவே கார்புரேட்டரின் அடியில் உள்ள முதன்மை ஊசித் திருகைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும். அப்படியே அதை ஒரு முழுச் சுற்றுத் திறந்துவிட்டேன். நண்பர் தம் பங்குக்குக் கடையிலிருந்து ஏதோ ஒரு சுத்திகரிப்புத் திரவத்தை வாங்கி வந்து தொட்டியில் ஊற்றினார். விலையுயர்ந்த 93 ஆக்டேன் பெட்ரோலையும் கொண்டுவந்து நிரப்பினார். ஆக்டேன் எண் என்பது, அழுத்தத்தில் தானாக வெடித்துவிடாமல் தாங்கும் தன்மையின் அளவு. அது வலிமையின் அளவு அன்று. அழுத்தம் குறைந்த அந்தப் பழைய எஞ்சினுக்குச் சாதாரணப் பெட்ரோலே மிகுதி. எதைச் செய்தோம், எவ்வளவு செய்தோம் என்று நாங்கள் இருவரும் எங்கும் குறித்துவைக்கவில்லை. பெரியவரிடம் சொல்லவும் இல்லை.

டிராக்டர் முன்னைவிட மோசமாயிற்று. முற்றத்தில் நிற்கும்போதே கரும்புகை கக்கியது. வயலில் முன்பு கால் நாழிகை தாங்கியது, இப்போது அதில் பாதிகூடத் தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரிலிருந்து பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். புகையைப் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றினார், நான்கும் கரி பூசியதுபோல் இருந்தன. வயலில் வலிமை இல்லை என்று கேட்டறிந்தார். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, எஞ்சினை முழுவதும் பிரித்தாக வேண்டும் என்று தீர்ப்புக் கூறினார். அவர் சொன்ன செலவுத் தொகை டிராக்டரின் விலையைவிட அதிகம். அன்று மாலையே பெரியவரின் மகன் பழைய இரும்பு வாங்குவோருடன் பேசி, வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்துவிட்டார். பழுதுபார்ப்பவரை நான் குறை கூறமாட்டேன். அவர் கண்ட சான்றுகளுக்கு ஏற்ற தீர்ப்பையே அவர் வழங்கினார். அந்தச் சான்றுகளோ நான் திருகிய திருகால் உண்டானவை.

இரவில் படுத்தபின்தான் எனக்கு இது விளங்கியது. கூடவே மற்றொன்றும் விளங்கியது. பிஸ்டன் வளையம் தேய்ந்த எஞ்சின் எப்போதும் தேய்ந்த எஞ்சினே. அது முதல் நிமிடத்திலும் வலிமை குன்றியே இருக்கும். பத்தாவது நிமிடத்திலும் அப்படியே இருக்கும். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் தேய்ந்த வளையம் வளர்ந்துவிடுமா? வேலை செய்யச் செய்ய மோசமாகி, ஓய்வில் தானாகத் தேறுகிற நோய் இரும்பின் தேய்மானம் ஆக முடியாது. எதுவோ சிறிது சிறிதாகச் செலவாகித் தீர்கிறது. ஓய்வில் மறுபடியும் நிரம்புகிறது. அல்லது எதுவோ சூடேறிக் கெடுகிறது. ஓய்வில் குளிர்ந்து சரியாகிறது. இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை விடியற்காலையில் பெரியவரின் கொட்டகைக்குச் சென்றேன். திருகைப் பற்றிய உண்மையை முதலில் அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பக்கத்தில் கிடந்த திருப்புளியை எடுத்து என் கையில் கொடுத்தார். அதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை.

முதல் வேலை, நான் செய்ததை அழிப்பது. ஊசித் திருகை மென்மையாக அடிவரை மூடி, ஒரு சுற்றுத் திறந்தேன். இவ்வகைக் கார்புரேட்டருக்குத் தொடக்க நிலை ஏறத்தாழ அதுதான். அடிவரை மூடுவது என்றால் விரலால் உணரும் அளவுக்கே மூட வேண்டும். இறுக்கினால் ஊசியின் கூர்முனையில் வடு விழுந்துவிடும். பிளக்குகளைத் துடைத்து மாட்டினேன். தொட்டியில் இருந்ததை வடித்துவிட்டு, சாதாரணப் பெட்ரோல் ஊற்றினோம். ஓர் அட்டையை எடுத்துத் தேதியிட்டு, இம்மூன்றையும் எழுதினேன். இப்போதுதான் இயந்திரம் தன் உண்மையான நோயுடன் எங்கள் முன் நின்றது.

இங்கே, பெட்ரோல் எஞ்சினின் தேவைகளைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். அதற்கு வேண்டியவை மூன்று: சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி, கலவையை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும் சிலிண்டர். எடையால் பார்த்தால் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து தீர ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றைக் குடிக்கிறது. ஆகவே காற்று வரும் வழியை முதலில் பார்த்துவிட்டோம். அதற்கு ஐந்து நிமிடமே ஆயிற்று. எண்ணெய்க் கிண்ணத்தின் வழியாகக் காற்றை இழுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி அது. எண்ணெய் சேறாகி இருந்ததே தவிர அடைப்பு எதுவும் இல்லை. எலிகள் அங்கே கூடு கட்டுவதும் உண்டு என்று பெரியவர் சொன்னார்.

பிறகு டிராக்டரை வயலுக்கு ஓட்டிச் சென்றோம். இம்முறை என் நோக்கம் அதை நிற்காமல் காப்பது அன்று; அது எப்படி நிற்கிறது என்பதைக் காண்பது. எஞ்சின் நிற்கும் விதத்தில் பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. மின்சாரம் அறுந்துபோனால், விளக்கை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் ஓசை அடங்கிவிடும். பெட்ரோல் குறைந்தால் அப்படி நிகழாது. சோர்ந்து, இருமி, மறுபடி நிமிர்ந்து, மறுபடி சோர்ந்து, சிறிது சிறிதாகவே அடங்கும். ஆறாம் நிமிடத்தில் எங்கள் டிராக்டர் சோரத் தொடங்கியது. உடனே, காற்று வரும் வழியைக் குறுக்குகின்ற சோக் என்னும் தகட்டின் கம்பியைப் பெரியவர் பாதி இழுத்தார். எஞ்சின் நிமிர்ந்தது! காற்றைக் குறைத்தால் நிமிர்கிறது என்றால், கலவையில் பெட்ரோல் போதாது என்பதே பொருள். தீப்பொறியில் குற்றம் இருந்திருந்தால் சோக்கை இழுப்பதால் நன்மை விளைந்திராது. ஒரு கம்பியை இழுத்து, செலவில்லாமல், நோய் இருக்கும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

நேயர்கள் கேட்கலாம்: திங்கட்கிழமை நான் ஊகித்ததும் இதுதானே? ஆம், ஊகம் சரியே. ஆனால் பெட்ரோல் எந்த இடத்தில் போதவில்லை என்று நான் கேட்கவில்லை. ஊசித் திருகு என்பது கார்புரேட்டர்க் கிண்ணத்திலிருந்து எஞ்சினுக்குப் போகும் வாயில். கிண்ணத்துக்கே வந்து சேராத பெட்ரோலை அந்த வாயிலைப் பெரிதாக்குவதால் வரவழைக்க முடியுமா? இருந்ததை விரைவில் தீர்த்ததுதான் மிச்சம்.

தொட்டியிலிருந்து கிண்ணம் வரையுள்ள வழியில் சந்தேகத்துக்குரிய இடங்கள் பல. தொட்டி மூடியில் காற்று புகுவதற்கு நுண்ணிய துளை ஒன்று உண்டு. அது அடைபட்டால், பெட்ரோல் வடிய வடியத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, மேற்கொண்டு வடியவிடாமல் பிடித்துக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் வண்டல் தங்கும் கண்ணாடிக் கிண்ணமும் அதன்மேல் ஒரு குழாய்த் திருகும் உள்ளன. அத்திருகை இரண்டு சுற்றுத் திறந்தால் தொட்டியின் பெரும்பகுதிப் பெட்ரோல் வரும். முழுவதும் திறந்தால்தான் அடியில் உள்ள சேமிப்பும் வரும். இதை அறியாமல், அடியில் பெட்ரோல் இருக்கும்போதே டிராக்டர் நின்றுவிட்டது என்று திகைப்போர் உண்டு. சல்லடைகளோ மூன்று: தொட்டிக்குள் ஒன்று, வண்டல் கிண்ணத்தின் தலையில் ஒன்று, மூன்றாவது எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இவை ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்ப்பதற்கு முன், வந்து சேரும் அளவை அளந்துவிடுவதே முறை. எஞ்சின் நன்கு குளிரும்வரை காத்திருந்து, டிராக்டரைத் திறந்த வெளியில் நிறுத்தி, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் ஆணியை எடுத்து, கீழே ஒரு தகரக் குவளையை வைத்தோம். பெட்ரோலை வெளியே வடிக்கும் இடத்தில் நெருப்போ, சூடான குழாயோ, மின்பொறியோ இருக்கலாகாது. இதில் அவசரப்பட்டவர்கள் கொட்டகையையே இழந்திருக்கிறார்கள்.

இவ்வகை டிராக்டரை அறிந்தவர்கள், அந்தத் துளை வழியே இரண்டு நிமிடத்தில் ஓர் அமெரிக்கப் பைண்டு, அதாவது சுமார் 470 மில்லிலிட்டர், வடிய வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் குவளையில் முதலில் பெட்ரோல் பாய்ந்து வந்தது. அது கிண்ணத்தில் முன்பே நின்றது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தபோது, பென்சில் பருமனாக இருந்த தாரை நூலாக இளைத்தது. இரண்டு நிமிடத்தில் 180 மில்லிலிட்டர். அதாவது நிமிடத்துக்கு 90.

இந்த ஓர் எண்ணைக் கொண்டு அந்த டிராக்டரின் நடத்தை முழுவதையும் விளக்கிவிடலாம். சும்மா நின்று ஓடும் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 30 அல்லது 35 மில்லிலிட்டர் போதும், 90 தாராளம். ஆகவே முற்றத்தில் குறையே தெரியவில்லை. பயிர் வெட்டும்போது சுமை ஏறுகிறது. வேகங்காப்புக் கருவி தானாகவே வாயிலைத் திறந்து கூடுதல் கலவையை அனுமதிக்கிறது. தேவை நிமிடத்துக்கு 110 ஆகிறது என்று கொள்வோம். வரவு 90, செலவு 110, பற்றாக்குறை 20. கார்புரேட்டர்க் கிண்ணத்தில் 100 மில்லிலிட்டர் கையிருப்பு இருந்தால், அது எத்தனை நிமிடம் தாங்கும்? ஐந்து நிமிடம்! கால் நாழிகைக் கணக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. எஞ்சின் நின்றபின் செலவு இல்லை, வரவு மட்டும் தொடர்கிறது, கிண்ணம் நிரம்புகிறது, பத்து நிமிடம் கழித்து எல்லாம் நலமாகத் தோன்றுகிறது. முழுச் சுமையில் இந்த எஞ்சின் மணிக்கு ஒன்பதரை லிட்டர் அளவுக்குக் குடிக்கும். அது நிமிடத்துக்குச் சுமார் 160. அப்போது அந்தக் கையிருப்பு ஒன்றரை நிமிடம்கூட வராது. மாதச் சம்பளத்தைவிடச் சற்றே மிகுதியாகச் செலவு செய்யும் குடும்பம், சேமிப்புத் தீரும்வரை செழிப்பாகத் தோன்றுவதைப் போன்றதே இதுவும்.

இனி, அடைப்பு எங்கே? தொட்டி மூடியைக் கழற்றிவிட்டு அளந்தோம், அதே 180. ஆகவே மூடி குற்றமற்றது. வண்டல் கிண்ணத்தைக் கழுவினோம், துருத்தூள் கொஞ்சம் இருந்தது, 190 ஆயிற்று. பிறகு, பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டரின் வாயிலில் பிரித்து, குழாயின் முனையிலேயே குவளையைப் பிடித்தோம். இரண்டு நிமிடம் ஆவதற்கு முன்பே அரை லிட்டரைத் தாண்டிவிட்டது! ஆகவே, குழாய் முனை வரை வழி திறந்திருக்கிறது. கார்புரேட்டருக்குள் நுழையும் இடத்தில்தான் அடைப்பு. அங்கே முழங்கைபோல் வளைந்த சிறு பித்தளைத் துண்டு ஒன்று திருகப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றினால், அதன் மறுமுனையில் சுண்டுவிரல் நுனியளவு ஒரு சல்லடை. மூன்றாவது சல்லடை இதுதான். அது சல்லடையாகத் தோன்றவில்லை. பழுப்பு நிறக் களிமண்ணால் செய்த கூடுபோல் இருந்தது.

பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த டிராக்டரை ஓட்டியவருக்கு, அங்கே அப்படி ஒரு பொருள் இருப்பது அன்றுதான் தெரியும்.

அந்தக் களிமண் எப்படி வந்தது? இப்போது அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலானவற்றில் பத்தில் ஒரு பங்கு வரை எத்தனால் என்னும் சாராயம் கலந்திருக்கிறது. சாராயம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. குளிர்காலம் முழுவதும் ஓடாமல் நிற்கும் டிராக்டரின் இரும்புத் தொட்டியில் அந்த ஈரம் துருவை வளர்க்கிறது. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த பழைய பிசினையும் சாராயம் கரைத்துக் கிளப்பிவிடுகிறது. பெரிய துகள்கள் முதல் இரண்டு சல்லடைகளில் தங்குகின்றன. அவற்றில் தப்பிய மெல்லிய தூள் மூன்றாவதில் வந்து அடைகிறது. நண்பர் ஊற்றிய சுத்திகரிப்புத் திரவமும் தன் பங்கைச் செய்திருக்கக்கூடும். சிலர் இந்தச் சல்லடையை எடுத்து எறிந்துவிட்டே ஓட்டுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து. சல்லடையில் தங்காத தூள் அடுத்து ஊசி வாயிலில்தான் தங்கும்.

கழுவி மாட்டியபின் அளவு 500 ஆயிற்று. அட்டையில் எழுதிக்கொண்டு வயலுக்குப் போனோம். ஆறு நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம், டிராக்டர் நிற்கவில்லை. ஆனால் பயிர் அடர்ந்த பகுதியில் நுழைந்தபோது எஞ்சின் தாளம் தவறியது. ஓடிக்கொண்டே இடையிடையே ஓர் அடியை விழுங்கியது. உழைத்த உழைப்பெல்லாம் வீணோ என்று எனக்குத் தோன்றிய நேரம் அது. சல்லடை காரணம் அன்று என்று அதைக் கைவிட்டிருப்பேன்; ஆனால் கையில் அட்டை இருந்தது. 180 என்பது 500 ஆயிருக்கிறது. அந்த நோய் தீர்ந்தது. இது வேறு நோய். முதல் நோயின் பின்னால் இது மறைந்து நின்றிருக்கிறது. சோக்கை இழுத்துப் பார்த்தோம், முன்னேற்றம் இல்லை, மோசமாகவே ஆயிற்று. ஆகவே இம்முறை பெட்ரோல் அன்று, தீப்பொறி.

சுமையில் மட்டும் தீப்பொறி ஏன் தவற வேண்டும்? வாயில் திறந்து சிலிண்டருக்குள் கலவை மிகுதியாகப் புகும்போது, அங்கே வாயு அடர்த்தியாக நெருக்கப்படுகிறது. அடர்ந்த வாயுவைத் துளைத்துப் பாய மின்பொறிக்கு மிகுதியான மின்னழுத்தம் தேவை. வலுவிழந்த பொறி, மெல்லிய வாயுவில் பாயும். அடர்ந்த வாயுவில் தோற்கும். மேலும், நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில், நிமிடத்துக்கு 4,000 பொறிகள் தோன்றியாக வேண்டும். அத்தனையையும் பிறப்பிப்பது, திறந்து மூடும் ஒரு சோடிச் சிறு உலோகப் பொட்டுகள். நம் பழைய மோட்டார் வண்டிக்காரர்கள் பாயிண்ட் என்று சொல்வார்களே, அதுதான்.

மாலையில் கொட்டகைக் கதவை மூடி, இருட்டில் எஞ்சினை ஓட விட்டு, கம்பிகளில் எங்கேனும் மின்சாரம் கசிந்து மினுக்குகிறதா என்று சிறிது நேரம் பார்த்தோம். இல்லை. உடனே எஞ்சினை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டோம். மூடிய இடத்தில் எஞ்சின் புகை உயிருக்கே கேடு. பிறகு, பிளக் கம்பியின் முனையைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, இரும்புக்குக் கால் அங்குல இடைவெளியில் காட்டிப் பொறியைச் சோதித்தோம். படீரென நீலமாகப் பாய வேண்டியது மஞ்சளாக, தயங்கித் தயங்கிப் பாய்ந்தது.

1949ஆம் ஆண்டு மாதிரியில் பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர், எஞ்சினின் முன்புறத்தில், விசிறிக்குப் பின்னால், கை நுழைய இயலாத இடத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டில் அதைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய அமைப்பை எல்லாரும் வைகிறார்கள். எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. இரண்டே மறைகளைக் கழற்றினால் அது முழுவதும் கையோடு வந்துவிடும். மேசைமேல் விளக்கடியில் வைத்துச் சரிசெய்யலாம். திரும்பப் பொருத்தும் நாக்கு மையத்தினின்று சற்று விலகி அமைந்திருப்பதால் ஒரே வகையில்தான் பொருந்தும். பொருந்தாதபோது மறைகளை முறுக்கி இழுத்தால் வார்ப்பு உடைந்துவிடும். பாயிண்டுகளுக்கு இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி இருக்க வேண்டும். நாங்கள் அளந்தபோது இருந்தது ஆயிரத்தில் 6. உராயும் கட்டை தேயத் தேய இடைவெளி குறைகிறது. குறையக் குறைய அது தாமதமாகத் திறக்கிறது. பொறியும் பிந்தி வருகிறது. புதிய பாயிண்ட் போட்டு 15க்கு வைத்தோம். பிளக்குகளில் அகன்றிருந்த இடைவெளியை ஆயிரத்தில் 25க்குக் குறைத்தோம். கண்டென்சரையும் மாற்றிவிடலாமா என்று நண்பர் கேட்டார். மாற்றவில்லை. பொறி இப்போது நீலமாக இருந்தது.

பிளக்குகள் வெளியே இருந்தபோதே, பழுதுபார்ப்பவரின் தீர்ப்பையும் சோதித்துவிட்டோம். வாயிலை முழுவதும் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினோம். சதுர அங்குலத்துக்கு 92, 90, 71, 91 இராத்தல். மூன்றாவது மட்டும் தாழ்ந்திருந்தது. அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை ஊற்றி மறுபடி அளந்தோம். வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடுக்கை அடைத்து அழுத்தத்தை நன்றாக உயர்த்தியிருக்கும். 74தான் வந்தது. ஆகவே, வளையம் அன்று. வால்வு ஒன்று தன் இருக்கையில் சரியாகப் படியவில்லை. பழுதுபார்ப்பவர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை இருந்தது என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது குளிர்காலம்வரை காத்திருக்கக்கூடிய உண்மை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அறுப்புத் தொடங்கியது. இரும்பு வாங்குவோரின் பார வண்டி பத்து மணிக்கு வந்தது. பெரியவர் வயலின் மறுகோடியில் இருந்தார். எஞ்சின் ஓசை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகன் வாயிலுக்குப் போய், வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்பினார். பிற்பகலில் 12 ஏக்கரும் வெட்டி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசிக் கட்டு கொட்டகைக்குள் ஏறியது. திங்கட்கிழமை மழை, சொன்னபடியே வந்தது.

அந்த அட்டையை நூலில் கோத்து, டிராக்டரின் கருவிப் பெட்டிக்குள் கட்டிவிட்டு வந்தேன். ஊசித் திருகு ஒரு சுற்று, பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் 500, பாயிண்ட் 15, பிளக் 25, மூன்றாம் சிலிண்டர் 71. மறு ஆண்டு நண்பர் அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் என் எழுத்துக்குக் கீழே மகனுடைய எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மூன்றாம் சிலிண்டர் வால்வு தேய்த்துப் பொருத்தப்பட்டது, இப்போது 89. முழங்கைச் சல்லடை கழுவப்பட்டது, மே மாதம்.